உலக்கைக்குப் பூண், பல்லுக்குக் கிரவுன்

கேள்வி: நான் புதுக்குடியிருப்பில் முன்பள்ளி ஆசிரியை. வயது 41. சலரோகத்துக்கு இரண்டு வருடமாகக் குளிசை எடுக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் கிளிநொச்சியில் ஒரு தனியார் கிளினிக்கில் இடது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு நரம்பு எடுத்து அடைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் வந்து பல்லை மூடிக் கிரவுன் போடச் சொன்னார்கள். காசு சேரட்டும் என்று விட்டுவிட்டேன். போன மாதம் வவுனியாவில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்க வாங்கிய கச்சானைக் கடித்தேன். பல்லின் உட்பக்கச் சுவர் உடைந்து கையோடு வந்துவிட்டது. நோவு கொஞ்சமும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "நோகாத பல்லை ஏன் கிண்டுவான், கிரவுன் போட்டால் உள்ளுக்குள் அழுகி மணக்கும், நொந்தால் பிடுங்கிவிடு" என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, "காசு அனுப்புகிறேன், நல்ல சிர்கோனியாக் கிரவுனாகப் போடு, முன்பல் நாலும் மண்ணிறமாக இருக்கிறதே, அதற்கும் சேர்த்துப் போட்டுவிடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? உடைந்த துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். அதை ஒட்ட முடியாதா?

பதில்: சகோதரி, உடைந்த பல்லை முதலில் பார்ப்போம். முன்பற்களுக்குப் பிறகு வருகிறேன். அங்கே உங்கள் அண்ணாவோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

நோவு இல்லை என்பதை நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். நரம்பை எடுத்த பல் உடைந்தாலும் நோகாது. நோகக் கூடாது என்பதற்காகத்தானே எடுத்தார்கள். காவல் நாய் இல்லாத வளவு மாதிரி அது. கள்ளன் வேலி பிரித்து உள்ளே வந்தாலும் குரைக்க ஆளில்லை. வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பில் சீழ் பிடித்து முகம் வீங்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். ஆகவே இந்தப் பல்லைப் பொறுத்தவரை நோவை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அப்படியானால் கச்சானில் ஏன் உடைந்தது? நரம்பு எடுத்த பல் காய்ந்து விறகாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பெரிய காரணம் இல்லை. உங்கள் பல்லில் முதலில் சூத்தை ஒரு பங்கைத் தின்றது. பிறகு நரம்பை எட்டுவதற்காக வைத்தியர் பல்லின் நடுக்கூரையைத் திறந்தார். அதற்கு வேறு வழி கிடையாது. மிஞ்சியவை நாலு பக்கச் சுவர்களும் நடுவில் ஓர் அடைப்பும். கடினமான எதையாவது கடிக்கும்போது அந்த அடைப்பு ஆப்பு மாதிரி இறங்கிச் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளுகிறது. கச்சான் இல்லாவிட்டால் ஒரு புழுக்கொடியல் துண்டு அந்த வேலையைச் செய்திருக்கும். முறிகண்டிப் பிள்ளையாரில் பிழையில்லை.

இதற்குத்தான் கிரவுன். உங்கள் அம்மம்மா வீட்டு உலக்கையை நினைத்துப் பாருங்கள். அடியில் ஓர் இரும்புப் பூண் இருக்கும். இடிக்கும்போது மரம் பிளந்து விரியாமல் சுற்றி இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. பல்லுக்குப் போடும் கிரவுனும் அதையே செய்கிறது: மேலே தொப்பி மாதிரி மூடிக்கொண்டு, கீழே முரசுக்கு (ஈறுக்கு) அருகில் பல்லைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. நரம்பு எடுத்த கடைவாய்ப்பல்லுக்கு இது அலங்காரம் இல்லை. 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வேர்ச் சிகிச்சை (நரம்பு எடுத்து அடைப்பது) செய்த பற்களில் கிரவுன் போடாதவை, போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயிருந்தன. ஒரு மாதத்துக்குள் வரச் சொன்ன வைத்தியர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பூண் ஏறுவதற்கு மரம் வேண்டும். நுனி உளுத்துப்போன உலக்கைக்குப் பூண் போட்டால் இரண்டு இடியில் பூணும் நுனியும் சேர்ந்து கழன்று விழும். பல்லிலும் அப்படித்தான். முரசுக்கு மேலே சுற்றிவர ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உயரத்துக்கு உங்கள் சொந்தப் பல், சூத்தை இல்லாமல், நிற்க வேண்டும். அடைப்புப் பொருளைக் கொண்டு எவ்வளவு உயரத்துக்கும் கட்டி எழுப்பலாம். ஆனால் கிரவுனின் விளிம்பு பிடிக்க வேண்டியது அந்தச் சொந்தப் பல்லைத்தான். எந்தக் கிரவுன் நல்லது, எந்த நாட்டுச் சாமான் என்றெல்லாம் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள். எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. காசைக் கட்ட முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

இதை நானும் பட்டுத்தான் படித்தேன். வேலைக்கு வந்த புதிதில், வயலில் இருந்து நேரே வந்த ஒருவர், "எப்படியாவது இந்தப் பல்லைக் காப்பாற்றித் தாருங்கள்" என்று கெஞ்சினார். முரசு மட்டத்துக்கு உடைந்த பல். உள்ளே ஒரு முளை இறக்கி, அதன்மேல் கட்டி எழுப்பி, கிரவுன் போட்டுவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அறுவடை முடிய முன் கிரவுன், முளை, கட்டியது எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கெஞ்சினாலும் இல்லை என்று சொல்ல அன்றைக்குத்தான் பழகினேன்.

ஆகவே இந்தக் கிழமைக்குள் போய் ஓர் எக்ஸ்றே எடுங்கள். உங்கள் வைத்தியர் அதையும் பல்லையும் வைத்து இரண்டு விஷயங்களைப் பார்ப்பார். ஒன்று, உடைவு எங்கே நின்றிருக்கிறது என்பது. முரசுக்கு மேலே நின்றிருந்தால் வேலை சுலபம். சற்றுக் கீழே இறங்கியிருந்தால், முரசையும் அதன் கீழ் எலும்பையும் கொஞ்சம் குறைத்துப் பல்லை வெளியே காட்டும் சின்னச் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு, எல்லாருக்கும் பொருந்தாது. பல்லின் அடித்தளம் குறுக்கே பிளந்திருந்தால் பிடுங்குவதுதான் மரியாதை. அங்கே யாரும் கிரவுனை விற்கப் பார்த்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது, வேரின் உள்ளே அடைத்த அடைப்பு இன்னும் சுத்தமாக இருக்கிறதா என்பது. சுவர் உடைந்து ஒரு மாதமாக எச்சில் உள்ளே ஊறுகிறது. எச்சிலோடு கிருமியும் போகும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படித் திறந்து கிடந்தால் வேர்ச் சிகிச்சையையே திரும்பச் செய்ய யோசிக்க வேண்டி வரும். அதாவது ஒருமுறை கட்டிய காசை இன்னொருமுறை கட்டுவது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தைப்பொங்கல் கழியட்டும், சித்திரை கழியட்டும் என்று நாள் பார்த்தால் இருக்காது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மை உண்டு. கிரவுன் அழுகாது, ஆனால் அதன் விளிம்பும் பல்லும் சந்திக்கிற கோட்டில் சூத்தை பிடிக்கும். அங்கே நன்றாகப் பொருந்தாத கிரவுனின் கீழே அழுக்குத் தேங்கி மணக்கவும் செய்யும். அவர் யாருக்கோ அப்படி நடந்ததைக் கண்டிருப்பார். அது கிரவுன் போட்டதால் வந்ததில்லை, பொருந்தாமல் போட்டதாலோ, போட்ட பிறகு அந்தக் கோட்டைத் துலக்காததாலோ வந்தது.

"நொந்தால் பிடுங்கிவிடு" என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை. வன்னியில் ஒரு தலைமுறையே பல்லுக்கு வேறு வைத்தியம் காணாமல் வளர்ந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தவர்கள், பல்வலி என்றால் பிடுங்குவதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும்? நாற்பது வயதில் அரைவாசிக் கடைவாய் காலியாக என் கதிரையில் வந்து உட்காரும் ஆட்களை இன்றைக்கும் காண்கிறேன். அந்தப் பழக்கம் வாயில் தங்கிவிட்டது. இப்போது வேறு வழி இருக்கிறது, அவ்வளவுதான். பிடுங்குவது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம் என்பது உண்மை. பிறகு அந்த இடைவெளிக்குள் பக்கத்துப் பல் சரியும், மேற்பல் கீழே இறங்கும். அந்த இடத்தை நிரப்புவதென்றால் கழற்றி மாட்டும் பல், அல்லது இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் அராவிக் கட்டும் பாலம், அல்லது எலும்பில் திருகிப் போடும் பல். கடைசி இரண்டும் ஒரு கிரவுனைவிடச் செலவு கூடியவை.

இனி எந்தக் கிரவுன் என்பது. முழுக்க உலோகத்தில் செய்தது மெல்லியது, பலமானது, பல்லைக் குறைவாக அராவினால் போதும். எனக்குக் கடைவாய்ப்பல் உடைந்தால் நான் அதைத்தான் போடுவேன். ஆனால் சிரித்தால் பளபளக்கும் என்று வீட்டில் விடமாட்டார்கள். உலோகத்தின் மேல் போர்சலின் என்ற பீங்கான் பூசியது பல வருடமாக இங்கே போடப்படுவது. நன்றாக உழைக்கும். போர்சலின் சில்லுச் சில்லாகக் கழரலாம், காலப்போக்கில் முரசு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம். கடைவாயில் அதை யார் பார்க்கப்போகிறார்கள். சிர்கோனியா என்பது பலமான ஒரு வகைப் பீங்கான், பல்லின் நிறத்திலேயே வரும், உலோகம் இல்லை, கடைவாய் இடியைத் தாங்கும், விலை கூட. உங்களுக்குக் கவரிங் தோடு போட்டால் காது தடித்துப் புண்ணாகிற பழக்கம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். சில மலிவான உலோகக் கலவைகளில் நிக்கல் உண்டு, உங்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். அப்படியானால் சிர்கோனியாதான்.

அந்த ஒவ்வாமை இல்லையென்றால், அண்ணா காசு அனுப்பினால் சிர்கோனியா, அனுப்பாவிட்டால் உலோகமும் போர்சலினும். இரண்டில் எதுவானாலும் நான் குறை சொல்லமாட்டேன். சிர்கோனியாவுக்கு, கிரவுன் செய்கிற சில லாப்காரர் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று உத்தரவாத அட்டை தருவார்கள். அந்த உத்தரவாதம் தொப்பிக்கு, உள்ளே இருக்கும் பல்லுக்கு இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கவனமாகப் போட்ட எந்தக் கிரவுனும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும், அதற்கு மேலும் உழைத்ததைக் கண்டிருக்கிறேன்.

சரி, அண்ணாவின் வழக்குக்கு வருகிறேன். நீங்கள் வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவராக இருப்பீர்கள். மண்ணிறப் படிவும் வெள்ளைப் புள்ளிகளும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் தண்ணீரில் கூடின புளோரைட்டால் வந்தது. பிள்ளைப் பருவத்தில் முரசுக்குள்ளே பல்லின் மேற்பூச்சு உருவாகும்போதே ஏற்பட்ட மாற்றம் அது. நிறம்தான் கெட்டிருக்கிறது. உங்கள் அளவுக்கு இருந்தால் பல் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

அந்த நாலு பல்லுக்கும் கிரவுன் போடுவதென்றால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஒவ்வொன்றையும் சுற்றிவர அராவி, வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் தூளாக்க வேண்டும். அராவியதை யாராலும் திரும்ப வைக்க முடியாது. உயிருள்ள பல்லை அப்படி வெட்டினால் சில பற்களில் நரம்பு வருடங்கள் கழித்துச் செத்துப்போவதும் உண்டு. அப்புறம் அதற்கும் வேர்ச் சிகிச்சை. 41 வயதில் போட்டால் ஆயுளில் ஒரு தடவையாவது, அநேகமாக இரண்டு தடவை, மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் பல் இன்னும் கொஞ்சம் சிறுக்கும். உடைந்த பல்லுக்குக் கிரவுன் காவல். உடையாத பல்லை வெட்டி அதைப் போடுவது, ஓட்டை இல்லாத கூரையைப் பிரித்துத் தகரம் போடுவது மாதிரி.

நிறம் உங்களுக்குக் கவலை என்றால், மேற்பூச்சை ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்குக்கு மட்டும் மெருகேற்றி எடுப்பது, வெளிறச் செய்வது, மண்ணிறம் ஆழமாக உள்ள இடத்தில் பல் நிறப் பொருளை மெல்லியதாகப் பூசுவது என்று படிப்படியாக வழிகள் உண்டு. பலருக்கு முதல் இரண்டிலேயே போதும். கனடாவில் இருந்து வீடியோவில் உங்கள் பல்லைப் பார்த்துக் கவலைப்படும் அண்ணாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் ஆசையில் சொல்கிறார். கடைவாய்ப்பல்லுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்கள் முன்பள்ளி ஆசிரியை என்பதால் ஒரு வார்த்தை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உங்கள் பள்ளிப் பிள்ளைகள் குடிக்கிற கிணற்றை ஒருமுறை பரிசோதிக்க முடியுமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களின் நிரந்தர முன்பற்கள் இப்போதுதான் முரசுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

சலரோகம் கிரவுனுக்குத் தடையில்லை. ஆனால் சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் முரசு வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும். அப்படிப்பட்ட முரசோடு, கிரவுன் செய்வதற்காகப் பல்லின் அச்சை எடுத்தால் விளிம்பு தெளிவாக விழாது. கிரவுன் பொருந்தாமல் போவதும், பிறகு உங்கள் அக்கா சொன்ன மணம் வருவதும் அங்கேதான் தொடங்கும். முதலில் பல் சுத்தம் செய்துகொள்ளுங்கள், முரசு ஆறட்டும். போகும்போது சலரோகக் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். காலைச் சாப்பாட்டையும் குளிசையையும் விட்டுவிட்டுப் போக வேண்டாம். பல்லுக்குப் போகிறோம் என்று வெறும் வயிற்றோடு வந்து கதிரையில் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு.

உங்களுக்குப் பஸ் செலவும் லீவும் ஒரு கணக்கு என்று தெரியும். எல்லாம் சரியாக அமைந்தால் கிரவுனுக்கு இரண்டு தடவை போக வேண்டி வரும். முதல் தடவை உடைந்ததைக் கட்டி எழுப்பி, சுற்றிவர அராவி, அச்சு எடுத்து, தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்புவார்கள். அச்சு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ லாப்புக்குப் போய் வர ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். அந்த இடைக்காலத்தில் தற்காலிகமானது கழன்றால், பத்திரமாக எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். சுப்பர் குளூ போட்டு ஒட்ட வேண்டாம். சிரிக்காதீர்கள், கலியாண வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த ஒருவருக்கு அதைப் பிரித்தெடுக்க நான் ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்தேன்.

இரண்டாம் தடவை, நிரந்தரமாக ஒட்ட முன்பு கடித்துப் பாருங்கள். மற்றப் பற்களைவிட முதலில் அது முட்டுகிற மாதிரி இருந்தால் உடனே சொல்லுங்கள். "பழகிவிடும்" என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது பழகாது. நரம்பு இல்லாவிட்டாலும் பல்லைச் சுற்றியுள்ள சவ்வு நோகும், அல்லது கிரவுன் வெடிக்கும். அங்கே இரண்டு நிமிடம் கூடுதலாக இருப்பதில் வெட்கம் என்ன?

காசைப் பற்றி. விலை கேட்கும்போது கட்டி எழுப்புவதும், எக்ஸ்றேயும், தற்காலிகக் கிரவுனும் அதற்குள் அடங்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. பல் கட்டிக் கொடுக்கிற கைவேலைக்காரர் சிலர் கிரவுனும் போட்டுவிடுகிறார்கள், பிறகு அதைக் கழற்றுகிற வேலை எங்களிடம் வருகிறது. அரசாங்கப் பக்கம் என்றால், பேராதனைப் பல் மருத்துவபீடத்து வைத்தியசாலையிலும் கொழும்பு தேசியப் பல் வைத்தியசாலையிலும் இதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் கடிதம் வாங்கிப் போகலாம். பயணமும் காத்திருப்பும் நீளம்.

அண்ணாவின் காசு வரத் தாமதமானால், அதற்காகப் பல்லைத் திறந்தபடி வைத்திருக்க வேண்டாம். உடைந்த பக்கத்தை நிரப்பி, மிச்சச் சுவர்களின் தலையையும் கொஞ்சம் குறைத்து, மேல்பக்கம் முழுவதையும் மூடி ஒரு பலமான அடைப்புப் போடச் சொல்லுங்கள். கிரவுனுக்கு ஈடில்லை, ஆனால் எச்சிலையும் ஆப்பையும் இரண்டையும் நிறுத்தும். அது கையில் காசு சேரும்வரை தாங்கும். அதுவரை அந்தப் பக்கத்தால் கச்சான் வேண்டாம்.

துண்டைக் கேட்டிருந்தீர்கள். விழுந்து உடைந்த முன்பல்லின் துண்டைச் சிலவேளை ஒட்டலாம். கடைவாய்ப்பல்லின் சுவரை ஒட்டினால் அடுத்த சோற்றுக் கல்லில் போய்விடும். ஆனாலும் எறிந்துவிடாமல் எக்ஸ்றேக்குப் போகும்போது கொண்டு போங்கள். அதன் கீழ் ஓரம் எவ்வளவு ஆழத்தில் இருந்து பிரிந்தது என்று பார்த்தால், முரசுக்குக் கீழே எங்கே தேட வேண்டும் என்று உங்கள் வைத்தியருக்கு ஒரு குறிப்புக் கிடைக்கும்.